பிளசர் ஒழுகிய கோடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் முட்டியில் வந்துதான் நிற்கிறது. மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டதாம் என்று ஆளுக்கு ஆள் டாக்டரைச் சாட்சிக்கு இழுக்கிறோம். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எண்ணெய் எங்கே போகிறது என்று ஒரு வீடே மண்டையை உடைத்துக்கொண்ட கோடை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடையில் மூன்று நாள் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் அப்போது காரைக் கார் என்று சொல்ல மாட்டார்கள். பிளசர் என்பார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். எங்கள் பெரியப்பா வைத்திருந்தது சீமையிலேயே செய்து கப்பலில் வந்த பிளசர். அவருக்கு முன்னால் மூன்று பேர் அதை ஓட்டித் தேய்த்திருந்தார்கள். நல்ல பாசிப்பச்சை நிறம். திரும்பும்போது பக்கம் காட்டக் கதவுக்குப் பக்கத்திலிருந்து சிவப்பாக ஒரு கை வெளியே வந்து நிற்கும். பாதி நேரம் அந்தக் கை உள்ளே போகாது, இறங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். சீட்டு தோல். வெயிலில் நின்ற வண்டியில் பாவாடையோடு ஏறினால் தொடை வெந்துவிடும். உள்ளே பழைய தோலும் பெட்ரோலும் பெரியப்பாவின் மூக்குப்பொடியும் கலந்த ஒரு வாசனை.

வண்டி ஒழுகும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கே நிறுத்தினாலும் காலையில் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்கும். அதற்காகவே ஒரு பிஸ்கட் தகர மூடியை வண்டிக்குக் கீழே வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் எல்லாமே உறுதியாக இருந்தது என்று யாராவது ஆரம்பித்தால் அந்தத் தகர மூடியைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

பெரியப்பாவுக்குக் கிழங்கு வியாபாரம். மலையிலும் வடக்கனந்தல் பக்கத்திலும் மரவள்ளிக் கிழங்கைக் காட்டோடு பேசி வாங்கி ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்புவார். கிழங்கு மாவு மூட்டை எப்போதும் வீட்டில் ஒன்றிரண்டு கிடக்கும். லேசாகப் புளித்த வாசனை. தொட்டால் கையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகாது.

வண்டியை ஓட்டியவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிட்டது. நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் கடைவீதியில் கடை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவருக்கு மட்டும் கல்லாவில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும், இஞ்சினுக்கு அடியில் படுத்தால் விழிப்பு வந்துவிடும். அவரே சொல்வது இது. காக்கிச் சட்டை, நெற்றியில் எப்போதும் எங்காவது ஒரு கரிக்கோடு.

இன்னொரு ஆள் சின்னம்மா. என் சித்தப்பாவின் மனைவி. ரிஷிவந்தியத்திலிருந்து வாழ வந்தவர். கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. சித்தப்பா போர்க் கிணறு போடும் லாரியோடு ஆந்திரா, மராட்டியம் என்று வருஷத்தில் பத்து மாதம் சுற்றுவார். வீட்டுக்கு வந்தால் ஒரு வாரம் தூங்குவார். அப்புறம் கிளம்பிவிடுவார். பிள்ளை இல்லை என்றதும் வீட்டிலிருந்த அத்தனை பேரும் சின்னம்மாவின் வயிற்றையே பார்த்தார்கள். காலண்டரைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது நானும் அவர்களோடு சேர்ந்து வயிற்றைத்தான் பார்த்தேன்.

அந்த வருஷம் தை கடைசியில் பெரியப்பா கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். புத்தூர்க் கட்டு போட்டு இரண்டு மாதம் படுக்கை. பிளசரும் வண்டிக் கொட்டாயில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. சாவி பெரியப்பா தலையணைக்கு அடியில் இருந்தது. பாயும் அவ்வப்போது வந்து டயருக்குக் காற்று இருக்கிறதா என்று காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டுப் போவார்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் சின்னம்மா என்னைக் கையைப் பிடித்துக் கொட்டாய்க்கு இழுத்துக்கொண்டு போனார். தார்ப்பாயைத் தூக்கி, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்த வைத்து, இஞ்சினிலிருந்து கீழே இறங்கும் ஒரு குழாயைக் காட்டினார். கட்டைவிரல் கனமுள்ள குழாய். கீழ்ப்பக்கம் திறந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு குளவி, மெல்லிய இடுப்போடு, வாயில் ஒரு உருண்டை ஈர மண்ணைக் கவ்விக்கொண்டு வந்து அதற்குள் நுழைந்தது. உள்ளே ரீங்காரம் கேட்டது.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்களே, உங்கள் வீடுகளிலும் சொல்லியிருப்பார்கள். கூட்டைக் கலைத்தால் பாவம், வயிற்றில் தங்கப்போவதும் தங்காது என்று பயமுறுத்துவார்கள். சுவரில் கட்டினால் அந்த இடத்தை விட்டுவிட்டு வெள்ளையடிப்பார்கள். சின்னம்மாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். தீபாவளிக்குப் புதுத்துணி வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதடி. சொன்னா தொடப்பத்தால குத்திப்புடுவாங்க. வண்டியாச்சே. என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அதற்கப்புறம் மூன்று வாரம் தினமும் மத்தியானம் எல்லோரும் தூங்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் கொட்டாய்க்குப் போனோம். குளவி பச்சைப் புழுக்களைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே வைத்தது. பிறகு வாயை மண்ணால் பூசி மூடிவிட்டுப் போய்விட்டது. குழாயின் வாய் சிமெண்டு அடைத்த மாதிரி இறுகிவிட்டது. ஒரு நாள் கூட வண்டி அசைந்ததில்லை. எனக்கும் சின்னம்மாவுக்கும் அது சூரியன் கிழக்கே உதிக்கிற அளவுக்கு நிச்சயமாகத் தெரியும்.

சித்திரை பிறந்ததும் பெரியப்பாவுக்குக் கட்டைப் பிரித்தார்கள். முதல் வேலையாகப் பாயைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். எடுத்தார். கடைவீதி வரை போய்த் திரும்பி வந்து நிறுத்தினார்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் தகர மூடி நிரம்பி வழிந்து, எண்ணெய் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால், பின்னால், நடுவில் என்று எல்லா இடத்திலும் வடிந்தது. வண்டிக்குப் பேதி கண்ட மாதிரி இருந்தது என்று அப்பா சொன்னார்.

அன்று சாயங்காலமே கிழங்கு மண்டி ஆள் ஒருவர் பெரியப்பாவைக் கால் விசாரிக்க வந்தார். வந்தவர் சும்மா போகாமல், "போன மாசம் ரிஷிவந்தியத்துல ஒரு கல்யாணத்துல உங்க பிளசர் மாப்பிள்ளைய ஏத்திக்கினு போச்சே, நல்லா அலங்காரம் பண்ணியிருந்தாங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

பெரியப்பா மறுநாள் காலையில் பாய் வந்ததும் எல்லோர் எதிரிலும் கேட்டார்.

"நான் கால ஒடச்சிக்கினு படுத்துக் கெடந்தப்ப வண்டிய வாடகைக்கு ஓட்டுனியா?"

"இன்னா மொதலாளி இது? சாவி உங்க தலமாட்டுல இல்ல கெடந்துது?"

"சாவி இல்லாம வண்டிய எடுக்கத் தெரியாதவனா நீ? ரெண்டு ஒயர இஸ்துக் கட்டுனா கெளம்பிடும்னு நீதான எனக்குச் சொன்ன? நிறுத்தி வெச்ச வண்டி எப்படி ஒடயும்? ஓட்டாத வண்டி இத்தினி எண்ணெய் கக்குமா?"

பாய் முகம் சுருங்கிப் போனது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பானட்டைத் திறந்தார். இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னார்.

"மூணு நாளு குடுங்க மொதலாளி. எங்க ஒழுகுது, ஏன் ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்திக் காட்றேன். நிறுத்தலனா நீங்க சொல்றதுதான் நெசம்னு வெச்சிக்கோங்க. சாவியக் குடுத்துட்டுப் போய்க்கினே இருக்கேன்."

வண்டியை ஓட்டவே ஓட்டவில்லை என்று சொல்ல அந்த வீட்டில் இரண்டு சாட்சிகள் இருந்தோம். நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் கூட்டைச் சொல்ல வேண்டும். கூட்டைச் சொன்னால் அது இருக்காது. நான் சத்தியம் பண்ணிய குழந்தை. அது எனக்கு நல்ல சாக்காக இருந்தது.

முதல் நாள் பாய் இஞ்சினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார். வருஷக்கணக்கில் படிந்த கருப்புப் பிசுக்கைச் சுரண்டிச் சுரண்டி எடுத்ததில் உள்ளேயிருந்து ஒரு சாம்பல் நிற இஞ்சின் வெளியே வந்தது. காய்ந்ததும் கிழங்கு மாவைத் துணியில் முடிந்து, குழந்தைக்குப் பவுடர் ஒற்றுவது போல இஞ்சின் மேல் ஒற்றினார். ஏன் என்று கேட்டேன்.

"கீழ சொட்ற எடத்துல ஒழுகுதுன்னு நெனைக்கிறாங்க எல்லாரும். மேல எங்கயோ கசிஞ்சி, அப்படியே வழிஞ்சி, காத்துல அடிச்சிக்கினு போய் எங்கயோ சொட்டும். வெள்ளையா மாவு பூசி ஓட்டிக்கினு வந்தா, மொத ஈரம் எங்க புடிக்குதோ அங்கதான் ஓட்ட."

வடக்கனந்தல் வரை போய் வந்தோம். சின்னம்மா அங்கே யாரோ உறவுக்காரியைப் பார்க்க வேண்டும் என்று கூடவே ஏறிக்கொண்டார். பள்ளம் வரும்போதெல்லாம் "மெல்ல போங்க பாய், மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பி வந்து பானட்டைத் திறந்தால் மேல் மூடியின் மூலையிலிருந்து மாவில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். பாய் தக்கைத் தகட்டை வாங்கி வந்து, மூடியை வைத்துக் கோடு போட்டு வெட்டி, சோப்பைத் தடவிப் பொருத்தினார். அந்தக் கோடு நின்றது.

இரண்டாவது நாள் மறுபடி கழுவி, மறுபடி மாவு. மலையடிவாரம் வரை ஓட்டம். இந்தத் தடவை மேலே காய்ந்திருந்தது. முன்பக்கம் பெல்ட் ஓடும் கப்பிக்குப் பின்னால் கசிந்து, விசிறி அதை வாரி எல்லாப் பக்கமும் இறைத்திருந்தது. வெள்ளை மாவெல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. பாய் முன்பக்கத்தைக் கழற்றி, பழைய கம்பளியில் வளையம் வெட்டி எண்ணெயில் ஊறவைத்து உள்ளே போட்டார். அதுவும் நின்றது. சாயங்காலம் பார்த்தால் பின்பக்கத்தில் புதிதாக ஒன்று தொடங்கியிருந்தது. ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடம். பெரியப்பா கைத்தடியோடு வந்து பார்த்தார். சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அந்த இரண்டு நாளும் சாயங்காலமானால் அப்படித்தான் வாங்கிக்கொண்டார். கால் உடைவதற்கு முன்னால் சாவி எப்போதும் பாயிடம்தான் இருக்கும்.

அன்று படுக்கப் போகும்முன் சின்னம்மாவிடம் கேட்டேன். "பாய போகச் சொல்லிடுவாங்களா?"

"மூணாவது நாளு இருக்குதே. அவரு கெட்டிக்காரரு, கண்டுபிடிச்சிடுவாரு" என்றார். குரல் சரியில்லை.

"நாம சொல்லிடலாமா சின்னம்மா?"

அவர் என் தலையில் கையை வைத்து, தூங்கு என்று சொல்லி விளக்கைத் தணித்தார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நேராகப் பெரியப்பாவிடம் போயும் சொல்லியிருக்கலாம். பத்து வயதில் தைரியம் வராது என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். அதே வயதில் நான் புளியமரத்து உச்சியிலிருந்து குதித்தவள். தைரியமெல்லாம் நிறையவே இருந்தது.

மூன்றாவது நாள் பெரியப்பாவுக்குக் கரியாலூரில் கிழங்கு பேச வேண்டியிருந்தது. மலை ஏறினால்தான் வண்டியின் லட்சணம் தெரியும் என்று அவரும் ஏறிக்கொண்டார். அருவி பார்க்க வேண்டும் என்று சின்னம்மா கிளம்ப, பள்ளிக்கூட லீவு என்று நானும் ஒட்டிக்கொண்டேன். மலை ரோடு அப்போது புதுசு. பாதி தூரம் தார், பாதி தூரம் சரளை. முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவு வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்றாவதில் தீய்ந்த எண்ணெய் வாசனை வந்தது. பிறகு தரைப்பலகை இடுக்கு வழியாக நீலப் புகை. பாய் ஒதுக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுப் பானட்டைத் திறந்தார்.

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி துளையிலிருந்து தானாகவே ஒரு சாண் மேலே ஏறி நின்றது. அந்தத் துளை வழியாகவும் எண்ணெய் துப்பிக்கொண்டிருந்தது. பின்பக்கம் கோடாக ஊற்றி, ரோட்டில் சரிவைப் பார்த்து ஓடியது.

பெரியப்பா இறங்கி அந்த எண்ணெய்க் கோட்டையே பார்த்தார்.

"மூணு நாளு ஆச்சு."

"ஆச்சுங்க."

"வூட்டுக்குப் போனதும் சாவியக் குடுத்துட்டுப் போயிடு. நான் வேற ஒண்ணும் பேச மாட்டேன். உன் அப்பனும் நானும் பழகுன பழக்கத்துக்காக."

"சரிங்க மொதலாளி" என்றார் பாய். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. லாரி டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். கம்பி மேலே நிற்பதைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"இன்னா பாய், இஞ்சின் மூச்சு வுட முடியாம தவிக்குது பாரு. மூச்சுக் கொழாய் அடச்சிக்கினு இருக்கும். உள்ள இருக்கற காத்து வெளிய போவ வழி இல்லனா எண்ணெயத்தான் தள்ளும். பாக்கலையா நீ?"

"அதெல்லாம் சரியா இருக்குது" என்றார் பாய், தலையை நிமிர்த்தாமல்.

"எது மூச்சுக் கொழாய்?" சின்னம்மா கேட்டது அப்போதுதான். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அதோ, பக்கவாட்டுல கீழ எறங்குது பாருங்கம்மா. முன் சக்கரத்துக்கிட்ட."

சின்னம்மா போய் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டுக் குனிந்தார். தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அது அசையவே இல்லை. பிறகு ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்து கொண்டையிலிருந்து ஊசியை உருவினார்.

"வேணாம்மா. அழுக்கு. எண்ணெ. பொடவ வீணாப் பூடும்" என்று பாய் பதறினார். "வேணாங்க. எழுந்திருங்க, நான் பாத்துக்கறேன்." மூன்று நாளில் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

சின்னம்மா காதில் வாங்கவில்லை. புடவையோடு சரளையில் மல்லாந்து, தோள் வரை வண்டிக்கு அடியில் போய்விட்டார். உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டது. பெரியப்பா, வீட்டு மருமகள் நட்ட நடு ரோட்டில் வண்டிக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்த்து என்ன செய்வது என்று தெரியாமல் லாரி டிரைவரிடம் "மழ வருமா?" என்று கேட்டார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

சின்னம்மா வெளியே வந்தபோது கன்னமெல்லாம் எண்ணெய். உள்ளங்கையில் உடைந்த மண்கட்டிகள். ஒரு கட்டிக்குள் வெளிறிப்போன ஒரு குளவி, சிறகு ஒட்டிக்கொண்டு, கால்களை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பா முன்னால் நின்று பேசியறியாதவர், நேராக முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இது கட்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்து தெனம் நான் போய்ப் பாத்துக்கினு இருந்தேன். மூணு வாரமா. இவளும்தான். வண்டி கொட்டாய வுட்டு ஒரு அடி அசையல. அசஞ்சிருந்தா குளவி திரும்பி வந்து கட்டியிருக்குமா? இத நீங்க கலைப்பீங்கன்னுதான் சொல்லல. தப்பு என்னுது. அவரு மேல ஒண்ணும் இல்ல."

என் பெயரையும் சேர்த்துக்கொண்டதில் எனக்கு முதலில் பயம் வந்தது, அப்புறம் நிம்மதி வந்தது. பெரியப்பா மண்கட்டியைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார், சின்னம்மாவின் நெற்றியைப் பார்த்தார். அவருக்கும் குளவிக் கூடு என்றால் என்ன என்று தெரியும். எதற்காகச் சின்னம்மா ஒளித்தார் என்பதும், மண்டி ஆள் கல்யாணத்தில் பார்த்தது வேறு யாருடைய பிளசரோ என்பதும் புரிந்துவிட்டது. மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து, போடாமலே மூடினார்.

சின்னம்மா அந்தக் கட்டியை மட்டும் முந்தானையில் ஏந்திக்கொண்டு போய் ரோட்டோரத்துச் செடி ஒன்றின் கிளைக் கவட்டையில் நிழலாக வைத்துவிட்டு வந்தார். அது பறந்ததா என்று எனக்குத் தெரியாது. பாய் இஞ்சினைக் கிளப்பியதும் குழாய் ஒரு பெருமூச்சு விட்டு, மிச்சமிருந்த மண்ணை ரோட்டில் துப்பியது. நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டோம்.

கம்பி அதற்கப்புறம் மேலே ஏறவில்லை. லாரியில் ஒரு டின் எண்ணெய் வாங்கி ஊற்றிக்கொண்டு கரியாலூர் வரை போனோம், கிழங்கு பேசினோம், அருவியும் பார்த்தோம். திரும்பி வந்து கொட்டாயில் நிறுத்திப் பார்த்தால் தகர மூடியில் எப்போதும் போல ஒரே ஒரு சொட்டு. பாய் சாவியை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குயா அது? ரெண்டு நாளா இடுப்புல குத்துது. நீயே வெச்சிக்க" என்றார் பெரியப்பா. எங்கள் பெரியப்பா வாழ்நாளில் கேட்ட மன்னிப்பு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பாய் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு எத்தினி மணிக்கு வர?" என்று கேட்டார்.

வீட்டுப் பெண்கள் சும்மா இருந்தார்களா என்று கேட்பீர்கள். இருக்கவில்லை. கட்டிய கூட்டைக் கையாலேயே கலைத்துக்கொண்டாளே என்று ஒரு மாதம் முணுமுணுத்தார்கள். நாலு வருஷம் கழித்துச் சித்தப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு, போர் லாரி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தார். அடுத்த வருஷமே சின்னம்மாவுக்குப் பெண் பிறந்தது. அப்போதும் யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை, சாமி கண்ணைத் திறந்தது என்றார்கள். பிளசர் அதற்கு முன்பே சேலத்துக்காரர் ஒருவருக்கு விலைக்குப் போயிருந்தது.

அந்தப் பெண்ணின் கல்யாணம் கள்ளக்குறிச்சியில் நடந்தபோது பந்தியில் எனக்குப் பக்கத்து இலை பாய்க்கு. தாடி முழுக்க வெளுத்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அதே கண். எனக்கும் நரை விழுந்துவிட்டது, அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். ரசம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"பாய், அந்த மூணு நாளும் எனக்குத் தெரியும். வண்டி எங்கயும் போவலன்னு. சொல்லாம இருந்துட்டேன். இத்தன வருஷமா உறுத்திக்கிட்டே இருக்கு."

அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"எனக்கும்தான் தெரியும் பாப்பா."

"உங்களுக்கு இன்னா தெரியும்?"

"கூடு அங்க இருக்குதுன்னு. மூணு நாளு கேக்கறதுக்கு முன்னாடியே தெரியும். இஞ்சின ஓடவுட்டப்பவே கம்பி எகிறிச்சி. கம்பி எகிறி நின்னா மூச்சுக் கொழாய்லதான் கைய வெப்பான் எந்த டிரைவரும். படுத்துப் பாத்தேன். கூடு அடச்சிருந்துது. கொழாய்க்கு மஞ்சா பூசி, குங்குமம் வெச்சிருந்தாங்க. யாரு வெச்சதுன்னு கேக்கணுமா? அதுல எப்படிப் பாப்பா கைய வெக்கிறது?"

எனக்குக் கை நின்றுவிட்டது. கடைசியில் எப்போதோ நான் இல்லாதபோது சின்னம்மா பொட்டு வைத்திருக்கிறார், எனக்கே தெரியாது.

"அப்ப மூணு நாளு கேட்டது?"

"கூடு நல்லா காஞ்சி போயிருந்துது. ரெண்டு மூணு நாள்ல ஓட்ட போட்டுக்கினு அதுவா வெளிய வந்துரும்னு ஒரு கணக்கு. வந்துட்டா காலிக் கூடு, எடுத்துப் போட்டா யாருக்கும் பாதகம் இல்ல. அதுவரைக்கும் எதையாவது கழட்டி மாட்டிக்கினு இருந்தேன். வரல. நான் இன்னா பண்றது?"

"வேல போயிருந்தா?"

"போயிருக்கும். வேற வண்டி ஓட்டியிருப்பேன். அவங்க வேற கூட்டுக்கு எங்க போவாங்க?" என்று சொல்லிவிட்டு, "ரசம் வருது பாரு, குழி பண்ணு" என்றார்.

நான் ரசத்துக்கு நிற்கவில்லை. பாதி இலையில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு சின்னம்மாவைத் தேடிப் போனேன். மணமகள் அறையில் தாம்பூலப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். காதோடு காதாகச் சொன்னேன். அவர் பை கட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி."

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கு மலையில குனிஞ்சி பாத்தனே, அப்பவே. இஞ்சின் முழுக்கக் கெரசின்ல கழுவி வெளேர்னு மாவு பூசியிருக்குது. அந்தக் கொழாய் மட்டும் பழைய அழுக்கோட, நான் வெச்ச பொட்டு வெச்ச மாதிரியே இருக்குது. மூணு நாளா அந்த மனுசன் அத மட்டும் வுட்டுட்டு சுத்திச் சுத்தித் தொடச்சிருக்காரு. வேல போவப் போவுதுன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்கல. அதப் பாத்த அப்புறமும் நான் ஊசிய எடுக்கலனா இன்னாடி மனுசி நானு?"

"அவர்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா சின்னம்மா?"

"இன்னானு சொல்றது?" கண் கலங்கிப் போய் என்னை முறைத்தார். "போ. போய் அவரு எலைக்குப் பாயசம் நீயே பாத்துப் போடு."

நான் பரிமாறுகிற பையனிடமிருந்து பாயச வாளியை வாங்கிக்கொண்டு பந்திக்குப் போனேன். பாய், போதும் பாப்பா, சக்கரை இருக்குது எனக்கு என்று இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்தார். கையை எடுங்க பாய் என்று சொல்லி, இரண்டு கரண்டி ஊற்றினேன்.